தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளைக்கு வீட்டில் கோடு போடுவது எப்படி?

யாருக்காக இதை எழுதுகிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்கு வயது இருபத்தைந்தோ முப்பத்திரண்டோ ஆகிறது. வேலைக்கு நாலு நாள் போகிறான், அப்புறம் நின்றுவிடுகிறான். குடியோ மாத்திரையோ ரம்மியோ ஏதோ ஒன்று அவனைப் பிடித்திருக்கிறது. எது பிடித்திருக்கிறது என்றே சில வீடுகளில் தெரியாது. பித்தளை அண்டாவைக் காணோம். தங்கச்சி கொலுசு சேட்டுக் கடையில் இருக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்குக் கதவு தட்டினால் வயிற்றைப் பிசைகிறது. கொருக்குப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் காசிமேட்டிலும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் இதெல்லாம் பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் நடக்காது. ஆனாலும் வாய்விட்டுச் சொல்ல ஆள் இருக்காது. அப்படிப்பட்ட வீட்டில், முதல்முறையாக "இதுக்கு மேல முடியாதுப்பா" என்று சொல்லப்போகிற அம்மா அப்பாவுக்காகத்தான் இது. மகன் என்றே எழுதிக்கொண்டு போகிறேன். மகளாக இருந்தாலும் முக்கால்வாசி இதேதான்.

ஒரு விஷயம் பிடிபட்டால் மீதி எல்லாம் அதிலிருந்தே வந்துவிடும். "நீ குடிக்கக் கூடாது" என்பது உங்கள் ஆசை. அது நடப்பதும் நடக்காததும் அவன் கையில் இருக்கிறது. "குடித்துவிட்டு வந்தால் நான் உன்னிடம் பேச மாட்டேன், பணம் தர மாட்டேன்" என்பது உங்கள் கையில் இருக்கிறது. கோடு என்பது இந்த இரண்டாவது வகை. அவன் ஒத்துக்கொண்டாலும் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் நாளைக் காலையில் உங்களால் செய்ய முடிகிற ஒன்றாக அது இருக்க வேண்டும். செய்ய முடியாததைச் சொல்லாதீர்கள். "வீட்டை விட்டு வெளியே போடா" என்று மாதத்துக்கு நாலு தரம் கத்திவிட்டு, ராத்திரி சோற்றை மூடி வைக்கிற அம்மாவின் பேச்சுக்கு என்ன மதிப்பு என்று பிள்ளைக்கு நன்றாகவே தெரியும்.

முதலில்: இது எந்த வகை என்று பாருங்கள்

எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. சோம்பேறித்தனம் வேறு, குடி வேறு, கடன் வேறு, மனநோய் வேறு. கடைசி ஒன்றைத் தவறவிடக் கூடாது. இருபது வயதை ஒட்டி ஒரு பையன் திடீரென்று குளிக்காமல், நண்பர்களைப் பார்க்காமல், அறைக்குள்ளேயே அடைந்துகிடக்கிறான், யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்கிறான், சாப்பாட்டில் ஏதோ கலந்துவிட்டீர்கள் என்று சந்தேகப்படுகிறான், தனியாகச் சிரிக்கிறான். இதைத் திமிர் என்று நினைத்துக் கட்டுப்பாடு போட்டால் ஒன்றும் நடக்காது. மந்திரிப்பது, தாயத்து, சர்ச்சில் ஜெபம் என்று மாதங்கள் ஓடுவதும் நம் பக்கத்தில் சகஜம். உங்கள் நம்பிக்கையை நான் கேள்வி கேட்கவில்லை. அதோடு சேர்த்து மருத்துவரையும் பாருங்கள். சீக்கிரம் பார்த்தால் நன்றாகத் தேறுகிறவர்கள் நிறைய.

எங்கே போவது? ராயபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை, அயனாவரத்தை ஒட்டி மேடவாக்கம் குளச் சாலையில் இருக்கிறது. 1794இல் தொடங்கியது. நம் ஊரில் அந்தப் பெயரைச் சொன்னாலே கேலிதான், அந்தக் கேலியால்தான் பலர் வாசல் வரை வந்து திரும்பிவிடுகிறார்கள். அங்கே புறநோயாளிச் சீட்டு வாங்கி, பார்த்துவிட்டு, மாத்திரையோடு அன்றே வீட்டுக்கு வருகிறவர்கள்தான் அதிகம். அண்ணா நகர் மேற்கில் 1984 முதல் இயங்கும் ஸ்கார்ஃப் அமைப்பு இந்த வகை நோய்களுக்கென்றே இருக்கிறது. அவன் வர மறுத்தால் நீங்கள் மட்டும் போய் நடப்பதைச் சொல்லி யோசனை கேட்கலாம். போக முடியாத நிலை என்றால் 14416க்கு போன் செய்யுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை அது. இலவசம், இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். மாநில அரசின் 104லும் பேசலாம்.

குடியாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. வருஷக்கணக்கில் தினமும் குடிக்கிறவனை "ஒரு வாரம் ரூம்ல போட்டுப் பூட்டினா சரியாயிடும்" என்று அடைத்து வைக்காதீர்கள். சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்று நாள் கழித்துக் கை நடுங்கி, இல்லாத பூச்சி ஊர்வதாகச் சொல்லி, ஆள் அடையாளம் தெரியாமல் குழம்பிப்போகலாம். அது உயிருக்கே ஆபத்தான நிலை. நிறுத்துவதை மருத்துவமனையில் வைத்துத்தான் செய்ய வேண்டும்.

அதேபோல், "அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், குடியை மறந்துவிடுவார்" என்று சுவரொட்டி ஒட்டி விற்கிறார்களே, அந்தப் பக்கமே போகாதீர்கள். டைசல்ஃபிரம் என்ற மாத்திரை ஒன்று உண்டு. மருத்துவர் சொல்லி, நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு சாப்பிட வேண்டியது. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, ரத்த அழுத்தம் தடாலென்று இறங்குவது எல்லாம் நடக்கும். தெரியாமல் சாம்பாரில் கலந்துவிட்டு, அவன் எட்டு மணிக்கு டாஸ்மாக் போய்விட்டு வந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது: ஒரு மாசக் கணக்கு

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, ஒரு மாசம் அவனுக்காகப் போகிற ஒவ்வொரு ரூபாயையும் எழுதுங்கள். கையில் கொடுத்தது, போனில் போட்டது, ஜிபேயில் அக்கா அனுப்பியது, வண்டிக்குப் பெட்ரோல், அடகு மீட்டது, தண்டல்காரருக்கு அவனுக்காகக் கட்டியது. மாசக் கடைசியில் கூட்டிப் பாருங்கள். வாடகையைவிடப் பெரிய தொகை வந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

அந்தக் கணக்கில் இன்னொன்றும் தெரியவரும்: ஓட்டை எங்கே இருக்கிறது என்று. அப்பா "ஒரு பைசா கிடையாது" என்று கறாராக இருப்பார். பாட்டி முதியோர் உதவித்தொகையிலிருந்து இருநூறு எடுத்து முந்தானை முடிச்சிலிருந்து கொடுப்பார். கல்யாணமாகிப் போன அக்கா, மாமாவுக்குத் தெரியாமல் ஐந்நூறு அனுப்புவாள். ஒரு கண்ணி அறுந்தாலும் வலையில் மீன் நிற்காது. அதனால் மகனிடம் பேசுவதற்கு முன் பாட்டியிடமும் அக்காவிடமும் பேசுங்கள். குற்றம் சாட்டாமல் நோட்டைக் காட்டுங்கள். "நீங்க குடுக்கிற இருநூறு எங்க போகுதுன்னு பாருங்கம்மா" என்று சொன்னாலே பாதி வேலை முடியும். மீதிப் பாதிக்குப் பாட்டிக்கு வேறொரு வழி வேண்டும். பேரனுக்கு எதுவும் கொடுக்காமல் இருக்கச் சொன்னால் பாட்டியால் முடியாது. இட்லி வாங்கிக் கொடுக்கட்டும், மீன் குழம்பு வைத்துக் கொடுக்கட்டும், காசு மட்டும் வேண்டாம்.

கோடு எதில் போடுவது

ஒன்றில் மட்டும் தொடங்குங்கள். பத்து சட்டம் போட்டு ஒட்டினால் பத்தும் ஒரே வாரத்தில் உடையும். எதில் தொடங்குவது என்று கேட்டால், அடி உதை இருக்கிற வீட்டில் அதில்தான் முதலில். அது கீழே தனியாக வருகிறது. அடி உதை இல்லாத வீட்டில் பணத்தில் தொடங்குங்கள். பணம்தான் உங்களால் முழுசாகப் பிடித்து வைக்க முடிகிற பொருள்.

பணக் கோடு இப்படி இருக்கலாம்: கையில் ரொக்கம் கிடையாது, சாப்பாடு வீட்டில் எப்போதும் உண்டு, வேலைக்குப் போனால் பஸ் பாஸ் எடுத்துத் தருவோம், மருத்துவமனைக்குப் போனால் கூடவே வருவோம், அந்தச் செலவு எங்களுடையது. கவனியுங்கள், இதில் சோற்றை நிறுத்தவில்லை. சோற்றை நிறுத்துவதாகச் சொல்லி அதில் நிற்கிற அம்மாவை வடசென்னையில் தேடித்தான் பிடிக்க வேண்டும், அது தேவையும் இல்லை.

நேரக் கோடு இரண்டாவது. டாஸ்மாக் பத்து மணிக்கு மூடுகிறது. அதற்குப் பிறகு தெருமுனையில் உட்கார்ந்துவிட்டு ஒரு மணிக்கு வந்து கதவைத் தட்டுவதுதான் பல வீடுகளில் பிரச்சினை. "பதினொரு மணிக்குத் தாழ்ப்பாள் போட்டுவிடுவோம், காலை ஐந்தரைக்குத் திறப்போம்" என்று சொல்வதானால், இடையில் அவன் எங்கே படுப்பான் என்பதையும் யோசித்துச் சொல்லுங்கள். மாடி வராந்தாவிலா, சித்தப்பா வீட்டிலா? மழைக்காலத்தில் என்ன செய்வீர்கள்? போதை மிஞ்சி மயங்கிக் கிடந்தால் கோடெல்லாம் கிடையாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிடுங்கள்.

அவனுக்கு மனைவி, குழந்தை இருந்தால் கோடு அவர்கள் மேல் விழக் கூடாது. பேத்தியின் ஸ்கூல் பீஸை நீங்களே போய்க் கட்டி ரசீது வாங்குங்கள். மருமகளிடம் அரிசி பருப்பாகக் கொடுங்கள். மகன் கை வழியாக எதுவும் போக வேண்டாம்.

எப்போது, எப்படிச் சொல்வது

ராத்திரி சொல்லாதீர்கள். குடித்திருக்கும்போது சொன்னது காலையில் அவனுக்கு ஞாபகம் இருக்காது, உங்களுக்கு மட்டும்தான் இருக்கும். தெளிவாக இருக்கும் ஒரு காலையில், டீ குடித்த பிறகு, அப்பாவும் அம்மாவும் சேர்ந்து உட்கார்ந்து சொல்லுங்கள். மாமா, ஏரியா பெரியவர், வட்டச் செயலாளர் என்று நாலு பேரைக் கூட்டிப் பஞ்சாயத்து வைக்காதீர்கள். சபையில் தலைகுனிந்தவன் வெளியே போய் அதற்கும் சேர்த்துக் குடிப்பான்.

மூன்று வாக்கியம் போதும். "நீ எங்களுக்கு வேணும். இனிமே கையில காசு தர மாட்டோம். ஆஸ்பத்திரிக்கு எப்பக் கூப்பிட்டாலும் வர்றோம்." பழைய கதை எதையும் இழுக்காதீர்கள். உன் வயசில் நான் இப்படியா இருந்தேன், எதிர்வீட்டுப் பையன் ஐ.டி.யில் இருக்கிறான், இதெல்லாம் அவன் ஏற்கெனவே மனப்பாடமாகக் கேட்டவை.

அன்று சாயங்காலமே சோதனை வரும். இப்படித்தான் வரும்:

"ம்மா, ஒரு ஐந்நூறு குடும்மா. நாளைக்குக் குட்த்துட்றேன்."

"காசு தர மாட்டேன்னு காலைலயே சொன்னேன்ல கண்ணு."

"இன்னாம்மா நீ... ஐந்நூறு ரூபாக்கா இவ்ளோ பேச்சு? ஃப்ரெண்டுக்குத் தரணும்மா, மானம் போவுது."

"புரியுதுப்பா. காசு தர மாட்டேன். துன்ட்டியா? வா, சோறு போடுறேன்."

"உன் சோத்த நீயே துன்னு!"

அவன் போய்விடுவான். நீங்கள் பின்னாலேயே போகாதீர்கள். இந்த உரையாடலில் அம்மா காரணம் சொல்லவில்லை என்பதைப் பாருங்கள். காரணம் சொன்னால் அதற்கு அவனிடம் பதில் இருக்கும். ஒரே வார்த்தையைத் திரும்பச் சொன்னால் அதற்குப் பதில் சொல்வது கஷ்டம். குரல் மட்டும் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் சில வாரங்கள்

நிலைமை முதலில் மோசமாகும். தெரிந்து வைத்துக்கொண்டால் பயம் குறையும். இத்தனை வருஷம் கத்தினால் கிடைத்தது இப்போது கிடைக்கவில்லை என்றால், இன்னும் சத்தமாகக் கத்திப் பார்ப்பான். நடுவில் ஒருநாள் பழைய பாசத்தோடு வந்து காலைப் பிடித்துவிடுவான். இன்னொரு நாள் தெருவில் நின்று உங்கள் மானத்தை வாங்குவான். அந்தத் தெருக் கூத்துக்குப் பயந்து கதவைத் திறந்து ஐந்நூறைக் கொடுத்தீர்கள் என்றால், தெருவில் கத்தினால் ஐந்நூறு வரும் என்று அவன் கற்றுக்கொள்வான். நம்பிக்கையான ஒரே ஒரு பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லி வையுங்கள். "சத்தம் கேட்டா வந்து கதவத் தட்டுங்க" என்று சொல்ல ஒரு ஆள் இருந்தால் மானப் பிரச்சினை பாதி கரைந்துவிடும்.

"செத்துப்போவேன்" என்று சொன்னால்? இதை மட்டும் மிரட்டல் என்று தள்ளாதீர்கள். எத்தனையாவது தடவையாக இருந்தாலும் சரி. அதற்காகப் பணம் கொடுக்கவும் வேண்டாம். கோடு அப்படியே இருக்கட்டும், ஆளைத் தனியாக விடாதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. வீட்டில் உள்ள மாத்திரைகள், பினாயில், பூச்சிமருந்து, எலி பேஸ்ட் எல்லாவற்றையும் வெளியே கொண்டுபோங்கள். 14416 இருக்கிறது. சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. 1986 முதல் சென்னையில் இதற்காகவே இயங்குகிறது. ஏதாவது சாப்பிட்டுவிட்டான் என்று சந்தேகம் வந்தாலே 108. எலி பேஸ்ட் விஷயத்தில் குறிப்பாகச் சொல்கிறேன்: சாப்பிட்ட முதல் ஒன்றிரண்டு நாள் ஒன்றுமே ஆகாதது போல நடமாடுவார்கள், அப்புறம் கல்லீரல் போய்விடும். "நல்லாத்தானே இருக்கான்" என்று காத்திருக்கக் கூடாது. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று மறைக்காதீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அதற்காக வழக்குப் போட்டுத் தண்டிக்கக் கூடாது என்கிறது.

கை நீட்டினால்

இங்கே பொறுமைக்கு இடமில்லை. அம்மாவை அடித்த பிள்ளையைப் பற்றி வெளியே சொல்லப் பெற்றவர்கள் தயங்குவார்கள், "அவன் வாழ்க்கை கெட்டுப்போயிடும்" என்பார்கள். அதனால் என்னென்ன வழி உண்டு என்று முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

அந்த நேரத்தில் முதலில் வெளியே வாருங்கள். கைப்பையில் ஆதார், கொஞ்சம் பணம், உங்கள் மாத்திரை, ஒரு சாவி எப்போதும் தயாராக இருக்கட்டும். 100 அல்லது 112ஐக் கூப்பிடுங்கள். வெறும் எச்சரிக்கையோடு அனுப்பிவிட்டாலும், எழுத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தருகிற சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கி வையுங்கள். பின்னால் எங்கே போனாலும் அந்தத் தாள் கேட்பார்கள். காயம் பட்டிருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டி, எப்படிப் பட்டது என்பதை உள்ளது உள்ளபடி சொல்லிப் பதிய வையுங்கள். "படியில் வழுக்கிட்டேன்" வேண்டாம்.

2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் மருமகள்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அம்மாவும் மகன் மேல் அதில் மனுப் போடலாம். "இவன் என்னை அடிக்கக் கூடாது, நெருங்கக் கூடாது" என்று நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். அவன் வீட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்றும் கேட்கலாம். உத்தரவை மீறினால்தான் அது குற்றம், ஓராண்டு வரை சிறை. எடுத்தவுடன் எஃப்.ஐ.ஆர்., ஜெயில் என்று போக மனசு வராதவர்களுக்கு இது ஒரு நடுவழி. பெண்கள் உதவி எண் 181க்கு போன் செய்தால் வழி சொல்வார்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார். சட்ட உதவி எண் 15100ஐக் கூப்பிடலாம், அல்லது பாரிமுனை உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம்.

மனநோயால் ஆவேசப்படுகிறான் என்றால் போலீஸிடம் அதைத் தெளிவாகச் சொல்லுங்கள். தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருக்கும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோவது அவர்கள் பொறுப்பு என்று அதே 2017 சட்டத்தில் இருக்கிறது. சங்கிலியில் கட்டிப்போடுவது சட்டப்படி தடை. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த விடுதியில் தீப்பிடித்தபோது கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை, 28 பேர் இறந்தார்கள்.

"வேன் அனுப்பித் தூக்கிட்டுப் போயிடுவோம், மூணு மாசம் கழிச்சு வாங்க" என்கிற தனியார் மறுவாழ்வு மையங்களையும் இதோடு சேர்த்தே சொல்ல வேண்டும். பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்கிறீர்களா, சான்றிதழ் எங்கே? தினமும் பார்க்கும் மருத்துவர் யார்? நான் வந்து பார்க்கலாமா? மூன்றில் ஒன்றுக்கு மழுப்பினாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஆள் சம்மதிக்காமல் சேர்க்க வேண்டிய நிலை என்றால் அதற்கும் சட்டத்தில் முறை இருக்கிறது. உறவினர் எழுதிக் கொடுக்க, மருத்துவர்கள் பரிசோதித்து, முதலில் 30 நாள் வரை சேர்க்கலாம். நாலு தடியர்கள் வந்து அமுக்கிப் பிடிப்பது அந்த முறையில் எங்கும் இல்லை.

கையெழுத்தும் கடனும்

பிள்ளை வாங்கிய கடனுக்கு, நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போடாதவரை, நீங்கள் பொறுப்பு கிடையாது. அவன் மேஜர். வாசலில் வந்து கத்துகிற தண்டல்காரரிடமும் போனில் மிரட்டுகிற லோன் ஆப்காரனிடமும் இதை அமைதியாகச் சொல்லுங்கள். புரோநோட்டு, கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக், ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம் எதையும் "சும்மா ஒரு நம்பிக்கைக்கு" என்று யாரிடமும் கொடுக்காதீர்கள். அநியாய வட்டிக்கு 2003ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. லோன் ஆப்பில் படத்தை மாற்றி அசிங்கமாக அனுப்பி மிரட்டினால் சைபர் குற்றப் புகார் எண் 1930. உங்கள் போனிலிருந்து அவன் கடன் வாங்கினானா என்று ஒருமுறை பாருங்கள், யு.பி.ஐ. ரகசிய எண்ணை மாற்றுங்கள்.

நகை, பத்திரம் வீட்டில் வேண்டாம். வாரிய வீடாக இருந்தால் ஒதுக்கீட்டு ஆணையும் கட்டிய ரசீதுகளும் வெளியே பத்திரமான கையில் இருக்கட்டும்.

வீட்டை எழுதிக் கேட்டு நச்சரிக்கிறானா? தான செட்டில்மென்ட் எழுதுவதாக இருந்தால், "கடைசிவரை எங்களைப் பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருக்க வேண்டும். 2007ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி, அறுபது வயதானவர் அப்படி எழுதிக் கொடுத்து, பிறகு பிள்ளை கவனிக்காவிட்டால், பத்திரத்தை ரத்துசெய்யக் கேட்கலாம். என்னைக் கேட்டால், பிரச்சினையில் இருக்கும் பிள்ளைக்கு உங்கள் காலத்தில் எதையும் எழுதவே வேண்டாம். அதே சட்டத்தில் மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சமும் கேட்கலாம். வருமானமே இல்லாதவனிடம் அதை வாங்குவது எப்படி என்பது வேறு கதை. அதைவிட உங்களுக்கு உதவுவது இதுதான்: பெற்றோரின் பாதுகாப்புக்கு அவசியம் என்றால் பிள்ளையை வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லவும், இந்தச் சட்டப்படி மனுக்களை விசாரிக்கிற தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

மனுக் கொடுக்க வேண்டியது ஆர்.டி.ஓ. ஆபீஸில். டிரைவிங் லைசென்ஸ் கொடுக்கிற இடத்தில் போய் நிற்காதீர்கள், இது வருவாய்க் கோட்டாட்சியர். திருவொற்றியூர், மாதவரம்காரர்கள் பழைய பழக்கத்தில் திருவள்ளூருக்கு அலைய வேண்டாம். 2018 முதல் அந்த வட்டங்களும் சென்னை மாவட்டம்தான். முதியோருக்கான உதவி எண் 14567லும் கேட்டுக்கொள்ளலாம்.

கல்யாணம் பண்ணி வைப்பதைப் பற்றி

"கால்கட்டு போட்டா திருந்திடுவான்." இதைச் சொல்லாத சொந்தக்காரர் கிடையாது. இதுவரை உங்களால் தாங்க முடியாத சுமையை, விஷயமே தெரியாத ஒரு பெண்ணின் தலையில் வைப்பதற்குத்தான் அந்தப் பேச்சு. பெண் பார்க்கப் போன இடத்தில் "பையனுக்குக் கெட்ட பழக்கம் ஏதும் உண்டா" என்று கேட்டால் நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? உண்மையைச் சொல்ல முடியாதென்றால் பெண் பார்க்கவே போகாதீர்கள். சொந்தக்காரர்களிடம் "ஒரு வருஷம் நல்லா வேலைக்குப் போகட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று ஒரே பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

அவனாகவே வரும் நாள்

வரலாம். பெரும்பாலும் உடம்பு முடியாத காலையிலோ, நண்பன் ஒருவன் செத்துப்போன வாரத்திலோ வரும். "ஆஸ்பத்திரி போலாம்மா" என்பான். அன்றைக்கே கிளம்புங்கள், திங்கட்கிழமை பார்க்கலாம் என்று தள்ளினால் அந்த மனசு இருக்காது. ஆதார், பழைய மருந்துச் சீட்டு, ஒரு செட் துணி, காலையில் சீக்கிரம். போதை வெளியேறிய பிறகுதான் உண்மையான சிகிச்சை தொடங்குகிறது. மாதக்கணக்கில் மாத்திரை, கவுன்சலிங், திரும்பத் திரும்ப வருகை என்று போகும். டிஸ்சார்ஜ் ஆனதும் கிடா வெட்டிக் கொண்டாடிவிட்டு மருத்துவரை மறந்துவிடுகிற குடும்பங்களில்தான் அடுத்த மாசமே பழைய கதை. வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்ளும் பழக்கம் இருந்தால், எச்.ஐ.வி.யும் கல்லீரல் அழற்சியும் இருக்கிறதா என்று பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். அரசு மருத்துவமனையில் இலவசம்.

குடிக்கிறவர்களுக்கு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் சென்னையில் பல இடங்களில் நடக்கின்றன, காசு கிடையாது, பெயர் முகவரி கேட்க மாட்டார்கள். குடிப்பவரின் குடும்பத்தாருக்கென்று அல்-அனான் கூட்டங்களும் உண்டு. மகன் போகாவிட்டாலும் நீங்கள் போகலாம். உங்கள் வீட்டுக் கதையை இன்னொரு அம்மா சொல்லக் கேட்டுவிட்டு வந்தால் அன்றைக்கு ராத்திரி கொஞ்சம் தூக்கம் வரும்.

ஒருமுறை விட்டவன் மறுபடி தொடுவது நடக்கக்கூடியதுதான். அன்றைக்குப் புதுக் கோடு எதுவும் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டது அப்படியே நிற்கும், அவ்வளவுதான். மறுநாள் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

தேறி வரும்போது கோட்டைத் தளர்த்தவும் வேண்டும். இதை மறந்துவிடுகிறார்கள். ஆறு மாசம் ஒழுங்காக இருக்கிற பிள்ளையையும் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தால் அவனுக்கு வெறுத்துப்போகும். முதலில் நேரத்தைத் தளர்த்துங்கள். அப்புறம் வீட்டுச் சாவி. பிறகு சின்னச் சின்னப் பணப் பொறுப்பு: கரண்ட் பில் கட்டிவிட்டு வரச் சொல்லலாம், மாசச் சாமான் வாங்கச் சொல்லலாம், பில்லையும் மீதியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சம்பளம் அவன் கணக்கிலேயே விழட்டும், வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை பேசி முடிவு செய்யுங்கள். உங்கள் ஏ.டி.எம். கார்டு மட்டும் உங்களிடமே இருக்கட்டும்.